கடைசித் தெருவில் நின்ற மீன்

அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்த அன்று, கூடவே ஒரு நாற்காலியும் வந்தது. சக்கரம் வைத்த நாற்காலி. அன்றோடு அப்பா நடப்பதை நிறுத்திவிட்டார். பக்கத்து அலமாரிக்குக்கூட உருண்டுதான் போனார்.

அதற்கு முன் அவர் குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். மாலையானால் ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவார். தெருவில் பதித்த மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். மகள் சில்லுவும் கூடவே போவாள். அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

சாவியின் மேல்முனையில் காதை வைத்து, குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறதா என்று அப்பா கேட்பார். பிறகு அடுத்த வால்வு வரைக்கும் கதை சொல்வார். நீச்சல் தெரியாத ஒரு மீன், குழாய் வழியாகவே ஊரைச் சுற்றும் கதை.

பதவி உயர்வு வந்த வாரம், அந்த மீன் கடைசித் தெருவின் ஒல்லிக் குழாயில், ஒரு வளைவில் மாட்டிக்கொண்டு நின்றது. அதன் பிறகு அது நகரவே இல்லை.

"அப்பா, மீன் என்னாச்சு?"

"ஆபீஸ் வேலையா இருக்கேன்மா."

இதே பதில்தான் வெகுநாளாக. ஒரு நாள் மட்டும் வேறு பதில் வந்தது.

"எந்த மீன்?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சில்லு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அதே வாரம் அவர் கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய், மறுபடியும் உப்பு வாங்கி வந்தார். அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள்.

"சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"சுகரெல்லாம் என் கட்டுப்பாட்டுல இருக்கு" என்றார் அப்பா, மைக் முன்னால் நிற்பவரைப் போல.

"கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?"

"என் உடம்பு எனக்குத் தெரியாதா? டெஸ்ட் வேற பண்ணணுமா?"

டாக்டரம்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அப்பாவின் கட்டுப்பாட்டில் இல்லை. அவரைவிட உயர்ந்த பதவியில் இருந்தன.

"மூளைக்குள்ள முடி மாதிரி சின்னச் சின்ன ரத்தக் குழாய் இருக்கு சார். சர்க்கரையும் பிரஷரும் வருஷக்கணக்கா ஏறியே இருந்தா, அதெல்லாம் உள்ள கெட்டுப்போகும். ரத்தம் சரியாப் போகாத இடத்துல ஞாபகமும் யோசனையும் மந்தமாகும்."

"கடைசித் தெரு மாதிரியா?" என்றாள் சில்லு. "ஒல்லிக் குழாய்லதான் முதல்ல தண்ணி நின்னுபோகும்னு அப்பா சொல்லியிருக்காங்க."

"அதேதான்!" என்றார் டாக்டரம்மா. அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"மறந்தது திரும்பி வருமா?"

டாக்டரம்மா சில்லுவின் பக்கம் திரும்பினார். "சிலது வரலாம். எல்லாம் வருமான்னு தெரியாதும்மா. ஆனா இருக்கிற குழாயைக் காப்பாத்தலாம். வேளைக்கு மாத்திரை, அளவான சாப்பாடு, தினமும் நடை."

"நடைதானே!" என்றார் அப்பா.

மறுநாளே வீட்டுக்கு ஒரு நடை இயந்திரம் வந்தது. அதற்குத் திறப்பு விழாவும் நடந்தது. அம்மாவின் கத்தரிக்கோலால் அப்பா ரிப்பன் வெட்டினார். நடையின் பெருமையைப் பற்றி, உட்கார்ந்துகொண்டே பேசினார். போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் நடந்தார். அடுத்த நாள் முதல் அதில் ஈரத் துணி காய்ந்தது.

"நல்ல மிஷின். மழைக்காலத்துக்கு ரொம்ப உதவும்" என்றாள் அம்மா.

மாலையில் வீட்டுக் குழாய் 'கொர்ர்' என்று உறுமும்போதெல்லாம் சில்லுவுக்கு அந்த மீன் ஞாபகம் வரும். இருட்டில், வளைவில், தனியாக. அப்பாவுக்குள்ளேயும் அது எங்கேயோ அப்படித்தான் நிற்கிறதோ?

ஒரு நாள் அவள் வரவேற்பறைக்குப் போனாள். பழைய இரும்புச் சாவிக்குத் தங்க நிறம் பூசி, கேடயம் போல அப்பா அங்கே சாத்தி வைத்திருந்தார். அதை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஏய், எங்க கிளம்பிட்ட?"

"மீனைப் பார்க்க. அதை எவ்வளவு நாள்தான் அப்படியே விடுறது?"

"எந்த மீன்?"

"முதல் வால்வுகிட்ட வந்தீங்கன்னா சொல்றேன்."

"சாவியத் தூக்கிட்டு நான் தெருவுல நடக்கறதா? நாலு பேர் என்ன நினைப்பாங்க? ஸ்கூட்டர்ல போலாம் வா."

"ஸ்கூட்டர்ல கதை வராதுப்பா."

சாவி ஒரு பக்கம் சாய, சில்லு ஒரு பக்கம் சாய்ந்தாள். அப்பா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல் அவளோடு தெருவில் இறங்கினார்.

இந்த முறை சில்லுதான் கதை சொன்னாள். அப்பா நின்றால் கதையும் நின்றது. "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் நடந்தார். எதிரே புது வால்வுக்காரர் வந்து சலாம் வைத்தார்.

"என்ன சார், நீங்களே நடந்து வர்றீங்க?"

அப்பா நிமிர்ந்தார். "திடீர் ஆய்வு!"

அதன்பின் தினமும், அதே நேரத்துக்கு, திடீர் ஆய்வு நடந்தது. வால்வுக்காரர் அவர்களுக்காகக் காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டார். கிளம்பும் முன் அம்மா கையில் மாத்திரை இருக்கும். "சார், இதையும் ஆய்வு பண்ணிட்டுப் போங்க" என்பாள்.

முதலில் இரண்டு தெருவுக்கே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மெல்ல மெல்ல, ஒரு மாலை கடைசித் தெருவுக்கே வந்துவிட்டார்கள். சில்லு கதையை நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"எனக்குத் தெரியாது. நீங்க இங்கதான் நிறுத்தினீங்க."

அப்பா நெற்றியைத் தேய்த்தார். பிறகு, மைக் இல்லாத குரலில் சொன்னார்: "எனக்கு... ஞாபகம் இல்லடா."

சில்லு அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வால்வுக்காரர் மூடியைத் திறந்து, தன் சாவியால் வால்வைத் திருகிவிட்டு நகர்ந்தார். அப்பாவின் கை தானாகவே தங்கச் சாவியை வால்வின் மேல் ஊன்றியது. அவர் குனிந்து காதை வைத்தார். உள்ளே தண்ணீர் சளசளவென்று வந்துகொண்டிருந்தது.

"சில்லு" என்றார் மெதுவாக. "மீன் எங்கயும் போகல. தண்ணி வரும்னு அதுக்குத் தெரியும். அதான் காத்துக்கிட்டே இருந்திருக்கு."

அது பழைய கதையின் மீதியா, இப்போது பிறந்ததா என்று சில்லு கேட்கவில்லை.

"அப்புறம்ப்பா?"

"அடுத்த வால்வுல சொல்றேன்."

"இதுதான் கடைசி வால்வு!"

அப்பா சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அப்போ முதல்லேர்ந்து இன்னொரு சுத்து வரணும். நடக்கத் தெம்பு இருக்கா உனக்கு?"