ஏழாம் குமிழியில் சளி

மாலை நான்கு மணிக்கு மணியோசை கேட்டதும், ஏழாம் குமிழியின் அறுநூறு வீடுகளிலும் சன்னல்கள் ஒன்றாக மூடிக்கொண்டன. குமிழிக்கு வெளியே செவ்வாயின் செம்மண் புயல், குளிரோ கழித்தல் எழுபது டிகிரி. அதற்கு யாரும் அஞ்சவில்லை. உள்ளே ஐஸ்கிரீம் வண்டி வருகிறது. அதற்குத்தான் இந்தக் கதவடைப்பு.

“சாப்பிட்டா சளி பிடிக்கும்!” என்று அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், செவ்வாயில் சளியே கிடையாது. முதல் கப்பல் ஏறும்போதே கிருமிகளைக் கழுவித் துடைத்துவிட்டார்கள். எண்பத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கிருமியால் ஒரு தும்மல்கூட இல்லை. சளி எப்படியிருக்கும் என்று எந்த அம்மாவுக்கும் தெரியாது. அதற்கு வாலுண்டு என்று ஒருத்தி சத்தியமே செய்தாள். கப்பலில் மூட்டைக்கு எடை பார்த்தவர்கள் வாய்ச்சொல்லுக்கு எடை பார்க்காததால், சளி வராவிட்டாலும் சளிப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது.

வண்டிக்கு மூன்று தலைமுறை வரலாறு உண்டு. தொடங்கியவர் பேச்சிமுத்து, துருவத்துப் பனியை வெட்டியெடுக்கும் வேலைக்கு வந்தவர். இனிப்புச் சோயாப் பாலைப் பீப்பாயில் ஊற்றி, மூடியை முறுக்கி, குமிழி வாசலுக்கு வெளியே இரண்டு மணி நேரம் வைப்பார், செலவில்லாமல் உறைந்துவிடும். அவர் மகள் காலத்தில் பீப்பாய்க்குச் சக்கரம் வந்தது. பேத்தி வெயிலாட்சி காலத்தில் சக்கரம் போய் மிதவைத் தட்டு வந்தது, கூடவே ஒரு மூளையும் வந்தது. அந்த வண்டிக்கு அவள் குளிரன் என்று பெயர் வைத்தாள். குளிரன் தானே ஓடும், தானே கூவும். பொய் மட்டும் சொல்லாது. வணிக எந்திரங்களுக்குக் குமிழியில் அப்படியொரு சட்டம்.

இப்போது வண்டிக்கே ஆபத்து. மாதம் இருநூறு கிண்ணம் விற்காத வண்டிக்குத் தெருவில் இடமில்லை என்று நகர்மன்றம் விதி போட்டிருந்தது. பிள்ளைகள் பின்வாசல் வழியாகத் திருட்டுத்தனமாக வாங்குவதை வைத்து, வெயிலாட்சி மாதாமாதம் இருநூறைத் தட்டுத்தடுமாறித் தொட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சளிப் பேச்ச மட்டும் ஒழிச்சுக் குடு, ஆயிரம் விப்பேன்” என்று தம்பி ஆவுடையப்பனிடம் போய் நின்றாள். அவன்தான் குமிழியின் சுகாதார அதிகாரி.

“நியாயந்தான்க்கா. அறிவியல் பக்கம் நாம நிக்காம வேற யாரு நிப்பா?” என்றான் அவன்.

மறுநாள் எல்லாருடைய காதுச்சில்லிலும் அறிவிப்பு ஒலித்தது. செவ்வாயில் சளி இல்லை. ஐஸ்கிரீம் தீங்கற்றது, எலும்புக்கு நல்லது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிண்ணம் கட்டாயம் கொடுங்கள்.

கடைசி வரிதான் குடியைக் கெடுத்தது. இரண்டு நாள் கூட்டம் நெரிந்தது. மூன்றாம் நாள் அம்மாக்கள் கிண்ணத்தோடு பிள்ளைகளைத் துரத்தினார்கள்: “என் ராசால்ல, எலும்புக்கு நல்லதுடா, ஒரே ஒரு வாய்!” பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளிந்தார்கள். கீரைக்கு நேர்ந்த கதி ஐஸ்கிரீமுக்கும் நேர்ந்தது. ஒரு வாரத்தில் அம்மாக்களும் அலுத்து விட்டுவிட்டார்கள். மணியடித்தால் ஒரு சன்னல்கூட மூடவில்லை. அடுத்த மாதம் முடியப் பத்து நாள் இருந்தது, அந்த மாதத்தில் விற்றது தொண்ணூறு.

“லே குளிரா, சாப்பிட்டா சளி பிடிக்கும்னு கூவு.”

“அது பொய், முதலாளியம்மா. சட்டம் இடம் தராது.”

“அப்ப உண்மையவே கூவித் தொலை!”

குளிரன் தெருத்தெருவாக, ஓயாமல் கூவியது: “இதைச் சாப்பிட்டால் சளி பிடிக்காது! அரசே உறுதி கூறுகிறது! அச்சம் வேண்டாம்!”

“நாம கேக்கவே இல்லியே, எதுக்கு இத்தன தடவ சொல்லுது?” என்றாள் ஒருத்தி.

“அரசாங்கமே பயப்படாதேங்குதுன்னா, என்னமோ இருக்கு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அன்று மாலைக்குள் காதுச்சில்லின் குடும்பக் குழுக்களில் சேதி பறந்தது. ஆறாம் குமிழியில் ஒரு பிள்ளைக்குச் சளி வந்துவிட்டதாம், மூன்றடி நீளமாம், மறைக்கிறார்களாம். பிள்ளைமேல் அக்கறை இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும். ஆவுடையப்பன் மறுப்பு அறிக்கை விட்டான். அதையே ஆதாரமாக இணைத்து மறுபடியும் அனுப்பினார்கள்.

மறுநாள் நான்கு மணிக்குச் சன்னல்கள் படபடவென்று மூடின. பின்வாசல்கள் ஓசையில்லாமல் திறந்தன. வெயிலாட்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாதத்தின் கடைசி மாலை. விற்றது நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கடை அடைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வெயிலாட்சியின் மகள் மாரிக்கொழுந்து வந்து கையை நீட்டினாள்.

“எம்மா, எனக்கு ஒண்ணு.”

அந்த ஒரு கிண்ணத்தில்தான் வண்டியின் ஆயுளே இருந்தது. அது வெயிலாட்சிக்கும் தெரியும். ஆனால் வாய் அவளைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

“போடி அங்கிட்டு! சளி பிடிக்கும்.”

“அது பொய், முதலாளியம்மா” என்றது குளிரன்.

“நீ சும்மா கெட. பிள்ளையப் பெத்தவளுக்குத்தான் தெரியும்.”

மாரிக்கொழுந்து மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் ஆவுடையப்பன் வந்தான். அங்குமிங்கும் பார்த்துவிட்டு ஒரு கிண்ணம் வாங்கி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். இருநூறு! வண்டி பிழைத்தது. வெயிலாட்சி கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டாள்.

கண்ணைத் திறந்தால், தெருமுனையில் மாமனும் மருமகளும் ஒரே கிண்ணத்தில் மாறி மாறி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே ஆவுடை!” என்று அவள் போட்ட சத்தத்தில் அறுநூறு சன்னல்களும் திறந்தன. “பிள்ளைக்குச் சளி பிடிச்சா நீயா பாப்ப? நீயெல்லாம் ஒரு சுகாதார அதிகாரியாலே?”