அருவிக்கு வழி இது அல்ல

காலையிலிருந்து இதே தொல்லை. மலைப்பாதையில் வருகிற காரெல்லாம் அவளுடைய நாற்றுத் தோட்டத்துக்குள் நுழைந்து, செடிகளை நசுக்கிவிட்டு, "அருவி எங்கம்மா?" என்று கேட்டன.

பொறுக்க முடியாமல் சாலைக்கு வந்தாள். புதுப் பலகை ஒன்று. 'அருவி' என்ற எழுத்துக்குக் கீழே இருந்த அம்பு அவள் வாசலைக் காட்டியது. ஏணியில் நின்று ஒருவன் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான்.

"யோவ்! எங்க வீட்டுக்குள்ளயா அருவி கொட்டுது?"

திரும்பிப் பார்த்தான். மழை இறங்கப்போகிற வானம்போல் அவளுடைய இரண்டு கண்கள்... ஏணியில் அவன் கால் ஒரு படி வழுக்கியது.

"ஏறி வர்றவங்களுக்கு ஒரு பலகை, இறங்குறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டையும் மாத்தி மாட்டிட்டேங்க."

"கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

"அப்போ பலகையிலதான்... இப்பதான்..."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்கு ஓடினார்கள். வழியில் நசுங்கிக் கிடந்த நாற்றுகளை அவனே குனிந்து நிமிர்த்தி வைத்தான். அவன் தலைமுடியிலிருந்து சொட்டிய நீரை அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

அவளுடைய அப்பா பார்த்துவிட்டார்.

"ஊர் ஊரா பலகை நடுறவனுக்குத் தனக்குன்னு ஒரு ஊர் இருக்காது. மழை விட்டதும் கிளம்பச் சொல்லு."

அவன் காதில் விழுந்தது. மழை விட்டதும் பலகைகளைச் சரியாக மாற்றி மாட்டினான். "மேல குகைக்கும் காட்சிமுனைக்கும் பலகை வைக்கணும்... அதோட இந்த ரோட்டு வேலை முடிஞ்சுது" என்றான்.

'மறுபடி எப்போ வருவீங்க?' நாக்கு நுனிவரை வந்தது. வீராப்பு விடவில்லை. "சரி" என்றாள்.

அதன்பிறகு ஒரு காரும் வழி தப்பி வரவில்லை. வந்திருக்கக்கூடாதா என்றிருந்தது அவளுக்கு...

ஒரு நாள் தூறலில் சுத்தியல் சத்தம். ஓடினாள். வாசலில் அவன். சின்னப் பலகை. அம்பு மட்டும், அவள் வீட்டைப் பார்த்து. எழுத்தே இல்லை.

"மறுபடியும் தப்பா?"

"இல்லைங்க. இந்தத் தடவை தெரிஞ்சுதான் நட்டேன்."

"எழுத்து எங்க?"

தொண்டையைச் செருமினான். "நீங்க சரின்னு சொன்னா எழுதறேன்... 'என் வீடு'ன்னு. உங்களைப் பார்த்ததுலேர்ந்து எந்த ரோட்டுல போனாலும் மனசு இங்கதான் திரும்புது."

தலை குனிந்தாள். கன்னத்தில் தூறல்.

"பெரிய எழுத்தா எழுதுங்க... அப்பாவுக்குக் கண்ணு மங்கல்."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என் கண்ணு நல்லாத்தான் தெரியுது! கம்பத்தை ஆழமா நடச் சொல்லு. காத்தடிச்சா பிடுங்கிக்கிட்டுப் போயிரக்கூடாது."