சுவருக்கு வெளியே

பண்டசோழநல்லூரில் பச்சையப்பனின் கரும்புக் கொல்லைக்கு லில்லி டீச்சர் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. போர்வெல் போடத் தோண்டிய பள்ளத்தில் ஏதோ பழைய செங்கல் சுவர் தெரிகிறது, வந்து பாருங்கள் என்று அவர்தான் போன் செய்திருந்தார்.

"அந்தக் காலத்துல இங்க வேதப் பாடசாலை இருந்துச்சாம் டீச்சர். பாத்துக்கினு இருங்க, மோட்டார நிறுத்திட்டு வந்துடறேன்."

லில்லி ஏணி வைத்து இறங்கினாள். ஆளுயரப் பள்ளம். ஈர மண் வாசனை. சுவரின் வெளிப்புறத் தரையில், முழங்கால்கள் பதிந்து பதிந்து தேய்ந்தாற்போல் இரண்டு குழிகள். அவற்றுக்கு நேர் மேலே ஒரே ஒரு செங்கல் மட்டும் வழவழவென்றிருந்தது.

அவள் மண்டியிட்டு அதில் காதை வைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண். அந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல் எதையோ ஓதியது. பல பிள்ளைகள் ஒன்றாய்த் திருப்பிச் சொன்னார்கள்.

பிறகு இன்னொரு குரல், தனியாக, கிசுகிசுப்பாக.

அது அவள் தோளருகிலிருந்து வந்தது.

திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது.

உள்ளே ஓதல் சட்டென்று நின்றது.

யாரோ கவனித்துவிட்டார்கள்.

காலில் போட்ட மரக்குறடுகள் டொக், டொக்கென்று சுவரைச் சுற்றி வந்தன. கூடவே ஈயம் காயும் நெடி. வேதத்தை ஒட்டுக்கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்லும் பழைய விதியை அவள் படித்திருக்கிறாள். அவளும் வெளியேதான் மண்டியிட்டிருந்தாள்.

"போ," என்றது பக்கத்துக் குரல்.

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் ஓர் அலறல் எழுந்து பாதியில் அறுந்தது.

பச்சையப்பன் ஓடிவந்தார். "இன்னாச்சு டீச்சர்?"

"கீழ கத்துனது கேக்கலியா?"

அவர் எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லியேம்மா."

"மூடிடுங்கண்ணே. இன்னிக்கே மூடிடுங்க."

அன்று இருட்டுவதற்குள் அவர் பள்ளத்தை மூடிவிட்டார்.

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு. "ஓரேழு ஏழு," என்றாள் லில்லி. பிள்ளைகள் திருப்பிச் சொல்லி முடித்தார்கள்.

பின்சுவருக்கு வெளியே ஒரு குரல் இன்னும் முடிக்கவில்லை. காது கேளாதவர் பேசுவதைப் போல, உரக்க, குழறி, அதே வரியைச் சொன்னது.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு டீச்சர் வெளியில?"

லில்லி ஜன்னல் பக்கம் போகவில்லை. ஆனாலும் பின்சுவர் வரை எட்டும்படி அடுத்த வரியைச் சொன்னாள்.

"ஈரேழு பதினாலு."

பிள்ளைகள் யாரும் வாய் திறக்கவில்லை.

வெளியே அது மட்டும் திருப்பிச் சொன்னது.