தாரணியின் அடிவிலை

"நானூத்திப் பத்துக்குக் கீழ ஒரு பைசா கட்டுபடியாகாதுங்க மேடம்" என்று வார்ப்படப் பட்டறைக்காரர் குப்புசாமி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தாரணியின் கண்ணாடி ஓரத்தில் அவருடைய உண்மையான எண் பச்சையாக எழுந்துவிட்டது. முன்னூற்று முப்பத்தாறு.

"முன்னூத்தி முப்பத்தாறுக்கு முடிச்சுக்கலாங்கண்ணா. மானி பொய் சொல்லாதுங்க."

குப்புசாமி கையெழுத்துப் போட்டார். பாவம், வேறென்ன செய்வார்? எதிரே இருப்பவரின் கண்மணி விரிவதையும் கழுத்து நரம்பு துடிப்பதையும் அளந்து, 'இதற்குமேல் இறங்க மாட்டார்' என்ற கடைசி எண்ணைக் காட்டிவிடும் கண்ணாடிதான் அடிவிலைமானி. வாங்குபவர் மட்டுமே அதை வைத்திருக்கலாம் என்று சட்டம். விற்பவர் கையிலும் கொடுத்தால் விலைவாசி ஏறிவிடுமாம். நல்ல நியாயம் போங்கள்!

ஆனால் மானி மட்டும் இருந்தால் போதாது. எந்த இடத்தில் எதைக் கேட்டால் அந்த எண் இறங்கும் என்று தெரிந்த ஆளும் வேண்டும். தாரணி அதில் கல்லிலே நார் உரிப்பவள். பொறியியல் முடித்துவிட்டுக் கொள்முதல் பிரிவில் சேரப் போகிறேன் என்றபோது, "காய்கறி வாங்கறதுக்கு எதுக்கு அம்மிணி டிகிரி?" என்று மாமனார் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகவே பதினான்கு வருஷம் இந்தப் பம்பு கம்பெனிக்கு உழைத்தாள். இப்போது தலைமைக் கொள்முதல் அதிகாரியின் நாற்காலி காலி. அது கிடைக்காவிட்டால் பைத்தியமே பிடித்துவிடும் என்று நேற்றுக்கூடக் கணவனிடம் சொன்னாள்.

பதினோரு மணிக்கு முதலாளி மாணிக்கசுந்தரம் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. அவர் மூக்கின்மேலும் மானி உட்கார்ந்திருந்தது.

"என்னுங்க சார், இன்டர்வியூவுக்கு எதுக்குங்க மானி?"

"சட்டம் என்ன சொல்லுது? வாங்கறவங்க வெச்சுக்கலாம்னுதானே? உன்ற வேலையை நீ விக்கற, நான் வாங்கறேன். சம்பளம் பேசணுமில்ல அம்மிணி."

தாரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் தான் விற்கிற பக்கத்திலும் உட்கார வேண்டியிருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"மாசம் ரெண்டு லட்சம் எதிர்பார்க்கறேனுங்க" என்றாள்.

மாணிக்கசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். முகம் வெளிறிப் போயிருந்தது. "அட கடவுளே! ஏம்மா, இத்தனை வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததே இல்லியே."

"எவ்வளவுங்க காட்டுது?"

"மைனஸ் பன்னெண்டாயிரம்."

அவளுக்குப் புரியவே இல்லை. பிறகுதான் உறைத்தது. சம்பளமே இல்லாவிட்டாலும் வருவாள். மாதாமாதம் பன்னிரண்டாயிரம் கைக்காசு கொடுத்தாவது அந்த நாற்காலியில் உட்காருவாள். அதுதான் அர்த்தம்.

"மானி தப்பா..." என்று தொடங்கியவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மானி தப்பு என்றால் பதினான்கு வருஷம் அவள் முடித்த பேரமெல்லாம் தப்பு. அத்தனை பட்டறைக்காரர்களும் நாளைக்கே வாசலில் வந்து நிற்பார்கள்.

"மனுசனுக்கு மனசாட்சி வேணுமுங்க சார்!" என்று எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தாள். விலை படியாவிட்டால் எழுந்து நடக்க வேண்டும், நாலு அடி போவதற்குள் 'வாங்க வாங்க, பேசிக்கலாம்' என்று குரல் வரும். துணிக்கடையில் தொடங்கி இரும்புக்கடை வரைக்கும் ஊர் வழக்கம் அதுதானே! நாலு அடி போனாள். பத்தடி போனாள். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது. யாரும் கூப்பிடவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எதற்குக் கூப்பிட வேண்டும்?

திரும்பி வந்தாள். கால் தானாகத்தான் வந்தது, அதுதான் அவளை அதிகம் உலுக்கியது.

"சரிங்க, அந்தப் பன்னெண்டுக்கே முடிச்சுக்கலாம்" என்று யாரோ சொல்வது கேட்டது. அவள் குரலேதான்!

"பன்னெண்டு அப்போ காட்டுனது அம்மிணி. நீ லிஃப்ட்டுகிட்ட நின்னப்ப மைனஸ் பதினஞ்சாயிரமாயிருச்சு." குரலில் வெற்றி ஒன்றும் இல்லை, மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். ஆனாலும் ஒப்பந்தத்தைத் தள்ளத்தான் செய்தார்.

தாரணி கையெழுத்துப் போட்டாள். வாழ்நாளில் அவள் ஒரு பைசாகூடக் குறைக்காமல் வாங்கிய முதல் பொருள் அந்த நாற்காலிதான்.