எஞ்சின் துப்பும் தண்ணீர்

ஆனேக்கல் ஏரியில் மூன்றாவது நாளும் அதேதான். சரியாக இருபதாவது நிமிடம், வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. படகுக் கம்பெனியில் எஞ்சின் சோதிக்கும் மௌரீன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தினாள்.

ஏன்… ஏன் சூடாகிறது?

பாய்மரப் படகுக்கு எதற்கு டீசல் எஞ்சின் என்று சிலர் கேட்பார்கள். காற்று நின்றுவிட்டால் கரை சேர வேறு வழி வேண்டுமே! இந்தச் சின்ன எஞ்சினுக்குக் கார் மாதிரி ரேடியேட்டர் கிடையாது. படகின் வயிற்றில் ஓர் ஓட்டை. அதன் வழியாக ஒரு பம்ப் வெளித் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் எஞ்சினைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு, பின்பக்கக் குழாயில் புகையோடு வெளியே போய்விடும். அவ்வளவுதான். எளிமையான, அழகான ஏற்பாடு.

பம்பின் ரப்பர் சக்கரம் புதுசு. குழாயில் அடைப்பில்லை. ஓட்டையின் மேல் அவளே வடிவமைத்துப் பொருத்திய மெல்லிய பித்தளை வலை… ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்தி, கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பளிச்சென்று சுத்தம்!

இன்று புதன். சனிக்கிழமை அவளுடைய மேலாளர் அப்பாதுரை சார் தொம்மலூர் ஆபீஸிலிருந்து நேரில் வருகிறார். "ஒரு மணி நேரம் நிக்காம ஓடணும், மௌரீன். இல்லேன்னா டெஸ்டிங் வேலை ஹரிஷ்குமாருக்கு. நீ டிராயிங் டேபிளுக்குப் போயிடு." நாலு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய வேலை அது. விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள்.

யோசனையில் படகு மிதந்து போனதை அவள் கவனிக்கவில்லை.

"மேடம்! ஓ மேடம்! என் வலை மேல ஏறிட்டீங்களே!"

வட்டமான பரிசலில் ஓர் இளைஞன். முழங்கால் வரை மடித்த பேன்ட், தூறலில் நனைந்த தலைமுடி… கோபத்திலும் சிரிப்பது போலவே இருந்த கண்கள். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்த முனிராஜ் அவன்தான்.

"உங்க வலையிலேருந்து வர்ற குப்பைதான் என் எஞ்சினை அடைக்குது!" என்று அவள் எகிறினாள்.

"ஹௌதா, அப்படியா? அடைச்சதப் பாத்தீங்களா?"

அவள் வெப்பமானியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பாத்தேன். மூணு நாளா பாக்கறேன். கெளம்பும்போது பின்னாடி தண்ணி சூப்பரா கொட்டுது. அந்தப் பாசித் திட்டைத் தாண்டினதும் நூலாட்டம் ஆயிடுது. அப்புறம் நின்னுடறீங்க. நீங்க உள்ள குனிஞ்சு கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தா எப்படித் தெரியும்?"

"அது கடிகாரம் இல்ல. வெப்பமானி."

"எதுவோ ஒண்ணு. ஓட்டைல என்ன மாட்டியிருக்கீங்க? டீ வடிகட்டியா?"

அவள் முகம் சிவந்தது. அந்தப் பித்தளை வலையை அப்பாதுரை சாரே பாராட்டியிருந்தார்!

"மீன் புடிக்கிற வேலையைப் பாருங்க, முனிராஜ்."

"பாத்துட்டுத்தான் இருந்தேன். நடுவுல நீங்க வந்துட்டீங்க."

அவனை முறைத்துவிட்டுத் துடுப்பைப் போட்டுக் கரைக்குப் போனாள். தொம்மலூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் முழுக்க மழைத்துளிகள். என்ன திமிர்! டீ வடிகட்டியாம்… ஆனால் அவன் சொன்ன ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. நூலாட்டம். தண்ணீர் குறைகிறது என்றால், ஓடும்போது எதுவோ அடைக்கிறது. நிறுத்தினால் விலகிவிடுகிறது. எப்படி?

ஓசூர் ரோடு நெரிசலில் பஸ் நின்றபோது அவளுக்குச் சட்டென்று புரிந்தது. உறிஞ்சல்! பம்ப் ஓடும்வரை பாசியை இழுத்துப் பிடிக்கும். நின்றால் பிடி விடும். பாசி நழுவிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் அடைப்பைத் தானே கழற்றி விட்டுவிட்டு அடைப்பைத் தேடியிருக்கிறாள்!

வியாழன் காலை ஏரிக்கரைக்கு வந்தவள் கௌரவம் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

"முனிராஜ்… நேத்து நான் பேசினது தப்பு. ஓடும்போது பாக்கணும். உதவி பண்றீங்களா?"

கிண்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் பரிசலிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்தான். அடியில் கண்ணாடி ஒட்டியிருந்தது.

"தண்ணிக்குள்ள வலை பாக்கறதுக்கு வச்சிருக்கேன். இதுல பாருங்க."

படகைப் பாசித் திட்டின் ஓரத்தில் கட்டினார்கள். பின்னால் விசிறி சுழலாதபடி கியரை விலக்கி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டாள். டின்னைத் தண்ணீரில் அமிழ்த்திக் குனிந்தாள். பச்சைப் படலம் ஒன்று மெதுவாக மிதந்து வந்து… பட்டென்று வலையில் ஒட்டிக்கொண்டது. பின்னால் கொட்டிய தண்ணீர் மெலிந்தது. நிறுத்தினாள். படலம் இலை போல விழுந்தது.

"டீ வடிகட்டியேதான்!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "குப்பை வரக் கூடாதுன்னு சின்னச் சின்னக் கண்ணா வச்சேன். அதனாலதான் ஒரு துண்டு பாசியே மொத்தத்தையும் மூடிடுது. தப்பு என்னோடதுதான்."

"தப்புன்னு சொன்னது பெரிசு மேடம்."

"மௌரீன்னே கூப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை முழுதும் வேலை. படகைக் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றி மாற்ற வேண்டியதை மாற்றினார்கள். சனிக்கிழமை, கருத்த வானத்தின் கீழே அப்பாதுரை சார் கரையில் குடையோடு நின்றார். மௌரீன் வெப்பமானியின் முன்னால். முனிராஜ் படகின் பின்னால், தண்ணீரைப் பார்த்தபடி.

இருபது நிமிடம்… பாசித் திட்டைத் தாண்டியும் முள் அசையவில்லை. நாற்பது. தூறல் விழுந்தது.

"தண்ணி?"

"நல்லா கொட்டுது."

ஐம்பத்தைந்து.

"தண்ணி?"

"கொட்டுது… மௌரீன், ஒண்ணு சொல்லணும். அந்த மூணு நாளும் நான் தண்ணிய மட்டும் பாக்கல."

அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சூடானது.

"பின்ன?"

"உங்களத்தான். முகத்துல கிரீஸோட, தோத்து தோத்துத் திரும்பத் திரும்ப வந்தீங்களே… அப்பவே புடிச்சுப் போச்சு."

ஒரு மணி நேரம்! கரையில் குடை உயர்ந்து ஆடியது. மௌரீன் எஞ்சினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மழைத்துளிகள் அவள் இமையில் நின்றன.

"பஸ்ஸுல போகும்போது எஞ்சினைப் பத்தித்தான் யோசிக்கறேன்னு நினைச்சேன்," என்றாள் மெல்ல. "பாதி வழி உங்களைத்தான் திட்டிட்டு இருந்தேன். இப்ப… திட்டாமலே நினைக்கறேன். எனக்கும் புடிச்சிருக்கு, முனிராஜ்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் நனைந்த நோட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமை மாற்றியதையே எஞ்சின் மேல் ஒட்டப்போகும் அட்டைக்காக எழுதினாள்:

"வெளியே மெல்லிய வலை கூடாது, ஓட்டையைப் போல நாலு மடங்கு அகலமுள்ள கம்பித் தட்டு வேண்டும். ஒரு துண்டு பாசி அதை முழுவதும் மூட முடியாது. அதைத் தாண்டி வரும் குப்பையைப் பிடிக்க, உள்ளே கண்ணாடி மூடி போட்ட வடிகட்டிப் பெட்டி. எஞ்சினை நிறுத்தி, தண்ணீர் வரும் வால்வை மூடி, பிறகே அதைச் சுத்தம் செய்க. எஞ்சின் ஓடும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் கொட்டும் தண்ணீரைப் பார்க்கவும். மெலிந்தால், முள் ஏறும்வரை காத்திராமல் உடனே நிறுத்தவும்."