செத்தவன் போட்ட வார்த்தை

டிங்...

மேஜை மேல் கிடந்த செல்போன் ஒளிர்ந்தது.

'அண்ணன் ஆடிவிட்டார். இப்போது உங்கள் முறை.'

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனா நழுவிக் கீழே விழுந்தது.

மாலை மணி நாலு பத்து.

அண்ணன் ஆட முடியாது. காலை பதினொன்றரைக்கே அவன் கதை முடிந்துவிட்டது. முடித்ததே அவள்தான்.

அவளுக்கு நாற்பத்தோரு வயது. அண்ணனுடைய அச்சகத்தில் ப்ரூஃப் ரீடர். அங்கே எல்லோரும் அவளை டிக்‌ஷனரி என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக ஆங்கில வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். 'இசட்' வருகிற வார்த்தைகள். 'ஜே'யில் முடிகிற வார்த்தைகள். பின்னால் 'யூ' வராமல் 'க்யூ' தனியாக நிற்கிற வார்த்தைகள். வார்த்தை விளையாட்டு ஆடுகிறவர்கள், கையில் வந்து மாட்டிய எழுத்துகளை வைத்துக்கொண்டு விழிக்கும்போது புரட்டிப் பார்க்க ஒரு புத்தகம்.

பதினாறு நோட்டு நிறைந்தது. புத்தகமும் அச்சானது.

இன்று காலைதான் அட்டையைப் பார்த்தாள்.

அண்ணன் பேர் மட்டும் இருந்தது.

அச்சகத்துக்கு இன்று வார விடுமுறை. கோடவுனில் அவன் தனியாக, ஏணி உச்சியில் நின்று பேப்பர் கட்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"என் பேர் எங்கே?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு. நன்றின்னு போட்டு."

"எழுதினது நான்."

"எழுதினியா? பெரிய நாவல் எழுதின மாதிரி பேசறே. எவனோ கண்டுபிடிச்ச வார்த்தையைக் காப்பி பண்ணி வச்சிருக்கே. அதுக்கு ஒரு பேரு வேற."

"பன்னெண்டு வருஷம்..."

"வேற வேலை இல்ல, பண்ணினே. தினம் ஃபோன்ல இதே விளையாட்டை என்கூட ஆடறே. தினம் தோக்கறே. உன் பேரைப் போட்டா எவன் வாங்குவான்?"

அவள் ஏணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

பதினைந்து அடி. சிமெண்ட் தரை. முதலில் பட்டது பின்மண்டை.

கிட்டே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஷட்டரை இறக்கினாள். பூட்டைப் போட்டாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு அண்ணி ஃபோன் செய்தாள்.

"உங்க அண்ணன் அங்க வந்தாரா?"

"இல்லையே அண்ணி. ரெண்டு நாளா நான் பாக்கவே இல்ல."

"சாப்பிட வரல. ஃபோனும் எடுக்கல."

"எங்கயாவது போயிருப்பான். நீங்க சீரியல் பாருங்க."

"சரி..." என்றாள் அண்ணி. வைத்துவிட்டாள்.

அந்த அண்ணியைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. எட்டாங்கிளாஸோடு நின்றவள். இங்கிலீஷில் கடைப் பலகை படிக்கவே எழுத்துக் கூட்டுவாள்.

ஆனால் இது...

விளையாட்டைத் திறந்தாள். நேற்று பாதியில் நின்ற ஆட்டம். பலகையின் மூலையில் புதிதாக ஒரு வார்த்தை.

எஃப். ஈ. எல். எல்.

ஃபெல்... விழுந்தான்.

நாலு எழுத்து வார்த்தை ஆயிரம் இருக்கிறது. தற்செயலாக இருக்கலாம்.

அண்ணன் நம்பரைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

ஆடிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அவள் கையில் 'க்யூ' இருந்தது, 'யூ' இல்லை. பக்கத்தில் ஒரு 'ஐ'யைச் சேர்த்து இரண்டே எழுத்தில் வார்த்தையை முடித்தாள். அனுப்பினாள்.

பத்து விநாடி... இருபது...

டிங்.

எதிராளி கையிலிருந்த ஏழு எழுத்துகளையும் ஒரே மூச்சில் இறக்கியிருந்தான்.

ஷட்டர்.

பாவி... உயிரோடு இருக்கிறான். உள்ளே கிடந்துகொண்டு என்னைக் கூப்பிடுகிறான்.

கையில் ஃபோன் இருக்கிறவன் ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை? அதை யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. அவன் வாய் திறப்பதற்குள் போயாக வேண்டும். போய், காலையில் அரைகுறையாக விட்டதை முடித்தாக வேண்டும்.

ஆட்டோ பிடித்தாள். ஐந்து மணிக்கு கோடவுன் வாசலில் நின்றாள். தெரு காலியாக இருந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. சாவியைப் போட்டுத் திருகினாள். ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்தாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் விழுந்த இடத்தில் அண்ணன் இல்லை. சாக்பீஸால் ஒரு ஆள் உருவம் வரைந்திருந்தது.

பேப்பர் கட்டு ஒன்றின் மேல் அண்ணி உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப்லெட். பக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் இரண்டு பெண் கான்ஸ்டபிள்கள்.

"வாங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க அண்ணனை போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பியாச்சு. பின்கதவை உடைச்சுத்தான் எடுத்தோம். முன்னால இருக்கற பூட்டுல கை வைக்கல. அதோட சாவி யார்கிட்ட இருக்குன்னு பாக்கணும் இல்லையா?"

அவள் கையிலிருந்த சாவியை ஒரு கான்ஸ்டபிள் பிளாஸ்டிக் உறையில் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப... ஆடினது?"

"நான்தான்," என்றாள் அண்ணி.

"உங்களுக்கு இங்கிலீஷ்..."

"தெரியாதுதான். உங்களைத் தோக்கடிக்கணும்னு கத்துக்கிட்டேன். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுன்னு என் பொண்ணு பரிசம் அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிச் சிரிச்சீங்களே. ஏழு வருஷமா அவர் பேர்ல தினம் ஆடறவ நான். ஜெயிச்சது நான், பேரு அவருக்கு."

அவள் அண்ணி மடியிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள்.

"பதினோரு மணிக்கு நீங்க வரப்போறீங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் அவர் கிளம்பினார். நீங்க என்னடான்னா பாக்கவே இல்லன்னீங்க. ஃபோனை வச்சுட்டு நேரா இங்க வந்தேன். ஷட்டர் இடுக்கு வழியா அவரோட கால் தெரிஞ்சுது."

அண்ணியின் குரல் உடையவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"அந்த வார்த்தைங்க... உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"கையில இருந்த எழுத்துக்கு நாப்பது வார்த்தை வந்துச்சு. நீங்க படிச்சா பயப்படற மாதிரி ஒண்ணைப் பொறுக்கிப் போட்டேன். அடுத்த எழுத்துங்க தானா வந்து விழுந்துச்சு." அண்ணி எழுந்து நின்றாள். "எனக்கும் எந்த அட்டையிலும் பேரு கிடையாது. அதுக்காக நான் யாரையும் கொல்லல."

டிக்‌ஷனரி கைப்பையைப் பேப்பர் கட்டின் மேல் வைத்தாள்.

கான்ஸ்டபிள் அவள் தோளில் கை வைத்தாள். ஜீப் வரை தலை குனிந்தே நடந்தவள், ஏறும்போது மட்டும் திரும்பினாள்.

"சார், ஒரு பேனாவும் நோட்டும் உள்ள கொடுப்பாங்களா? எழுத்து இல்லாம என்னால இருக்க முடியாது."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இனிமே எழுத்துக்கெல்லாம் அலைய வேண்டாம்மா... உள்ள போனதும் கைதி நம்பராவே கொடுத்துடுவாங்க."