ஊதி அணையாத விளக்கு

கூரை உச்சியில் நின்றபோது போன் அடித்தது.

ஹென்னிங் டீடமான் எடுக்கவில்லை. ஒரு கையில் புகைபோக்கி. மறு கையில் தூரிகைக் கம்பி. பத்து மீட்டர் கீழே ஈரமான கல் முற்றம்...

போன் நின்றது. மறுபடி அடித்தது.

மூன்றாவது முறை எடுத்தான்.

"டீடமான் பேசறேன்."

"நான் டாக்டர் வீபோல்ட். பரிசோதனை மையத்துலேர்ந்து. உக்காந்திருக்கீங்களா?"

"கூரை மேல நிக்கிறேன்."

"அப்போ எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டான்.

நேற்று நடந்த நேர்காணலின் ஒலிப்பதிவு கெட்டுப்போய்விட்டது என்றாள். இயந்திரக் கோளாறு. பதிவு இல்லாமல் அறிக்கை எழுத முடியாது. இன்று மாலை நாலு மணிக்கு வந்து மறுபடி பேச வேண்டும்.

"ஒண்ணு மட்டும். அந்த ராந்தல் சமாச்சாரம் வேண்டாம். அதை விட்டுட்டு மத்ததைச் சொல்லுங்க."

"ஏன் டாக்டர்?"

"உங்க நல்லதுக்குத்தான்."

வைத்துவிட்டாள்.

ஹென்னிங் மெதுவாகத் தன் கறுப்புக் கோட்டின் பையைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே ஒரு பென்டிரைவ் இருந்தது. நேற்று மையத்தை விட்டு வெளியே வரும்போது வரவேற்பு மேஜைப் பெண் கொடுத்தது. விண்ணப்பத்தில் 'ஒலிப்பதிவின் நகல் வேண்டும்' என்ற கட்டத்தில் அவன் டிக் அடித்திருந்தான்.

கெட்டுப்போன பதிவுக்கு நகல் எப்படி வரும்?

ஹென்னிங்குக்கு வயது நாற்பத்தாறு. தொழில், புகைபோக்கி சுத்தம் செய்வது. வட ஜெர்மனியின் அந்த மூலையில் முப்பத்தொரு கிராமங்கள் அவன் வட்டாரம். இரண்டு வருடம் முன்பு தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவன்.

பதினைந்து மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை போலீஸ் அவன் வண்டியை நிறுத்தி ஊதச் சொன்னது. ரத்தத்தில் மது ஆயிரத்துக்கு 1.9.

1.6-ஐத் தாண்டினால் லைசென்ஸ் போவதோடு விஷயம் முடியாது. திரும்ப வாங்க வேண்டுமானால் பரிசோதனை. ரத்தம், தலைமுடி, கண், கை வேகம். கடைசியாக மனநல நிபுணரோடு ஒரு மணி நேரப் பேச்சு. ஊர் ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'முட்டாள் டெஸ்ட்'.

முதல் முறை அதில் தோற்றான். இதுக்கு முன்னாடி எத்தனை தடவை குடிச்சுட்டு ஓட்டினீங்க என்று கேட்டார்கள். இதான் முதல் தடவை என்றான். அவ்வளவுதான், பொத்தென்று விழுந்தான். அப்படிச் சொல்கிறவன் எவனும் தேறியதில்லை; பழைய தப்புகளை ஒப்புக்கொண்டால்தான் திருந்தியவன் என்று நம்புவார்கள்.

அன்றிலிருந்து வருடம் முழுக்க ஒரு சொட்டு தொடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உச்சந்தலையில் முடி வெட்டிக் கொடுத்தான். நாலு தடவையும் சுத்தம். இப்போது பாக்கி அந்த ஒரு மணி நேரப் பேச்சு மட்டும்.

கெடு, வெள்ளிக்கிழமை. அதற்குள் லைசென்ஸ் வரவில்லை என்றால் வட்டாரம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. இத்தனை நாள் வண்டி ஓட்டிய மனைவி கேஷெ, ஒன்றாம் தேதி முதல் மருத்துவமனைச் சமையலறையில் வேலைக்குச் சேர்கிறாள். முப்பத்தொரு கிராமத்துக்கும் ஏணியோடு பஸ்ஸில் போக முடியாது.

ஏணியை இறக்கிவிட்டுக் காருக்குப் போனான்.

கேஷெ ஸ்டியரிங்கில் சாய்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அவன் பென்டிரைவைக் கார் ரேடியோவில் சொருகினான்.

ஒலிப்பதிவு நன்றாகவே இருந்தது. துல்லியமாக.

ஸ்பீக்கரில் அவன் குரல். ஒரு நவம்பர் மாலை, மழை, திருப்பம், பாலம். ஏதோ மோதுகிறது. இறங்கிப் பார்க்கிறான். யாரையும் காணோம். புல்லில் ஒரு காகித ராந்தல் மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. குனிந்து ஊதி அணைக்கிறான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்...

கேஷெயின் ஊசி நின்றது.

"என்னப்பா இது? யாரை இடிச்சே?"

"யாரையும் இல்லை. கடன் வாங்கின கதை."

"எவன்கிட்ட?"

"கீஸெயோட வகுப்புல சொன்னது."

ஃபோல்க்மார் கீஸெ முன்பு டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இப்போது இந்தப் பரிசோதனைக்கு ஆட்களைத் தயார் செய்கிறார். வகுப்புக்கு வரும் ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் இந்தக் கதையைச் சொல்வார். சொல்லிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்ப்பார். ஹென்னிங்கிடம் சொல்வதற்கு அப்படி ஒரு சம்பவமும் இல்லை. அதனால் எடுத்துக்கொண்டான்.

"திருடறதுதான் திருடினே, நல்ல கதையாத் திருடக் கூடாதா?" என்றாள் கேஷெ.

"இரு. இங்கே கேளு."

ஸ்பீக்கரில் இப்போது டாக்டர் வீபோல்ட். பொய்யைப் பிடித்துவிட்ட நிபுணரின் சலிப்பான குரல்.

"ஊதி அணைச்சீங்களா? அது எப்படி? அது பேட்டரி விளக்கு. மிதிச்சுத்தான் அணைக்க முடியும்."

பிறகு மௌனம். ஒன்று... இரண்டு... பதினொரு விநாடி. ஹென்னிங் எண்ணினான். பிறகு அவள் வேறு கேள்விக்குத் தாவினாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் கதையில வர்ற விளக்கு பேட்டரின்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தக் காலத்துல எல்லா ராந்தலும் பேட்டரிதானே. பொய்னு கண்டுபிடிச்சிருப்பாங்க. அதான் விடச் சொல்றாங்க."

அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நம்பிக்கை வரவில்லை.

நாலு மணி.

டாக்டர் வீபோல்ட் ஐம்பதைத் தாண்டியவள். இருபது வருட அனுபவம். புதிய ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்துவதற்கு முன் கதவைச் சாத்தினாள்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி... அந்தக் கதை யார் கொடுத்தது?"

சொல்லலாமா? சொன்னால் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்ட மாதிரி. சொல்லாவிட்டால்... பையில் பென்டிரைவ் கனத்தது.

"கீஸெ. வகுப்புல உதாரணமாச் சொன்னார்."

அவள் பேனா மூடியைத் திருகினாள். திருகிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆளோட சகவாசத்தை விடுங்க. அனுபவிக்காம யாருக்கும் அப்படி ஒரு கதை வராது."

அப்படியானால் ஓட்டியது கீஸெயா?

சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு ஆரம்பம். எத்தனை முறை குடித்துவிட்டு ஓட்டினீர்கள் என்று மறுபடி கேட்டாள்.

இப்போது கையில் கதை இல்லை. அதனால் உண்மை வந்தது.

புத்தாண்டுக்குப் புகைபோக்கிக்காரன் வீட்டுக்கு வந்தால் அதிர்ஷ்டம். கோட்டுப் பொத்தானைத் தொட்டுவிட்டு ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் ஷ்னாப்ஸ் சாராயம் கொடுப்பார்கள். மறுத்தால் அவர்கள் அதிர்ஷ்டத்தையே மறுத்த மாதிரி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு வீடு வண்டியில்தான் போனான். இருபத்திரண்டு வருடம், ஜனவரி முழுக்க. அதை அவன் குடி என்று ஒருநாளும் எண்ணியதே இல்லை. தொழில் மரியாதை என்று நினைத்திருந்தான்.

பேசி முடித்தபோது டாக்டர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை ஏன் நேத்தே சொல்லலை?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் டாக்டர்."

நாளை மறுநாளே அறிக்கை வந்துவிடும் என்றாள். மற்றவர்கள் ஆறு வாரம் காத்திருக்கிறார்கள்.

வியாழன் காலை தபால் வந்தது. அறிக்கை விண்ணப்பதாரர் கைக்குத்தான் வரும். லைசென்ஸ் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். கேஷெ பிரித்தாள். பதினெட்டாம் பக்கத்துக்குப் போனாள். 'இவர் இனி மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவார் என எதிர்பார்க்க இடமில்லை.'

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் மரம் மாதிரி நின்றான்.

"இன்னும் என்ன?"

"கீஸெ வீட்டுக்கு விடு."

"உனக்குப் பைத்தியமா? பேப்பர் கையில இருக்கு. நேரா ஆபீசுக்குப் போவோம்."

"விடு, கேஷெ."

கீஸெ தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். ஹென்னிங் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த ராந்தல் கதை உங்களோடதா? ஓட்டினது நீங்களா?"

கீஸெ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

ஓட்டியது தான் இல்லை என்றார். செத்தது தன் அக்கா. அல்முட். மூன்று வருடம் முன்பு பள்ளிப் பிள்ளைகளின் ராந்தல் ஊர்வலத்துக்குத் துணையாகப் போய்விட்டுத் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். பாலத்துத் திருப்பத்தில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. நின்று உதவிக்கு ஆள் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்கள் டாக்டர்கள். வாய்க்காலில் கிடந்தவளை மறுநாள் காலைதான் பார்த்தார்கள்.

"அப்போ அந்தக் கதை?"

"தூண்டில். வேணும்னே அதுல ஒரு தப்பு வெச்சேன். குடிச்சுட்டு ஓட்டினவன் என்னைக்காவது என் வகுப்புக்கு வந்துதானே ஆகணும்? வந்தா அந்த இடத்துல முகம் மாறும்னு பாத்தேன். மூணு வருஷம், இருநூறு பேர். ஒரு முகமும் மாறலை."

"என்ன தப்பு?"

"ஊதி அணைச்சான்னு சொல்றேன்ல... அணைக்கலை. பேட்டரி விளக்கு. நான்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். குதிகாலால மிதிச்சிருந்தது. வெளியில சொல்லக் கூடாதுன்னு போலீஸ் சொல்லிச்சு. அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அப்புறம் மிதிச்ச கால் யாரோடதோ, அவங்களுக்குத் தெரியும்."

ஹென்னிங் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

இருபது வருடம் பிறர் பொய்யைத் திருத்தியே பழகிய வீபோல்டின் வாய். ஒரு கதையில் ஒரு தப்பு கேட்டதும் தன்னை மறந்து திருத்திவிட்டது. அது யார் கதை என்று அதற்குப் பிறகுதான் உறைத்திருக்கிறது. பதினொரு விநாடி மௌனம்...

பென்டிரைவை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். காரில் போட்டுக் கேட்டார்கள். ஒரு தடவை. கீஸெ இரண்டாவது தடவை கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதைப் போலீஸ்ல குடுத்தா," என்றான் ஹென்னிங், "இந்த அறிக்கையில இருக்கற கையெழுத்துக்கு மதிப்பு இருக்காது."

"தெரியும்."

"நாளைக்குக் கடைசி நாள்."

"அதுவும் தெரியும். அதான் நான் கேக்கலை."

கேஷெதான் சாவியைத் திருப்பினாள். மருத்துவமனைச் சமையலறையில் தனக்கு முழுநேர வேலை கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டே, ஆபீஸ் பக்கம் திரும்ப வேண்டிய வண்டியைப் போலீஸ் நிலையத்துப் பக்கம் திருப்பினாள்.

மாலைக்குள் முடிந்துவிட்டது. எல்லை தாண்டி டென்மார்க்கில் ஒரு பட்டறை. அல்முட் இறந்த மூன்றாம் நாள் தேதியிட்டு, வீபோல்ட் பேரில் ஒரு பில். முன்விளக்கு, பம்பர். டாக்டர் வீபோல்ட் ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டாள். சக ஊழியரின் பிரிவு விருந்து. ஒயின். எத்தனை கிளாஸ் என்று அவளுக்கே நினைவில்லை. அந்த வெளிச்சம் மட்டும் கண்ணில் நின்றதாம். யாராவது பார்த்துவிடுவார்களே என்று மிதித்தாளாம்.

வெள்ளிக்கிழமை, பதினொன்றரை. ஆபீஸ் பன்னிரண்டுக்கு மூடிவிடும்.

லைசென்ஸ் பிரிவில் திருமதி கோப்மான். மேஜையில் அன்றைய செய்தித்தாள். முதல் பக்கத்தில் வீபோல்டின் படம். ஹென்னிங் அறிக்கையை அந்தப் படத்தின் மேலேயே வைக்க வேண்டியிருந்தது. வேறு இடமில்லை.

அவள் கடைசிப் பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"செல்லாதுன்னு சொல்லிடுங்க. போயிடறேன்," என்றான்.

அவள் போனை எடுத்தாள். மாடியில் சட்டப் பிரிவு. பிறகு மையத்தின் தலைமை அதிகாரி. அவர் இரண்டாவது நேர்காணலின் பதிவைக் காலையில்தான் கேட்டிருந்தார். புத்தாண்டு ஷ்னாப்ஸ் பகுதியை இரண்டு முறை. முடிவு சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது, நானும் கையெழுத்துப் போட்டு இப்போதே அனுப்புகிறேன் என்றார். பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது.

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

திருமதி கோப்மான் முத்திரையை மையில் ஒற்றினாள். இன்னும் ஒருமுறை பதினெட்டாம் பக்கத்தைப் படித்தாள்.

"இவர் இனிமே குடிச்சுட்டு ஓட்ட மாட்டார்னு டாக்டர் எழுதியிருக்காங்க..."

"ஆமா."

"நம்பலாம். குடிச்சுட்டு ஓட்டறவங்க எப்படி இருப்பாங்கன்னு இந்த ஜில்லாவுல அந்த அம்மாவை விட நல்லாத் தெரிஞ்ச ஆள் யாரு?"

டப்பென்று குத்தினாள்.